பெங்களூருல புரோக்கர் இல்லாம, நடந்தே எல்லாம் முடியற ஏரியால வாடகை வீடு: எல்லாரும் கேக்கற கேள்விங்க

ஊர்லேந்து வேலைக்கு வர்ற பசங்க, ட்ரான்ஸ்பர்ல வர்ற குடும்பங்க, பொண்ணுக்கு இங்க காலேஜ் கெடச்சிருக்குன்னு வர்ற அப்பா அம்மா, எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். நான் இருக்கறது அல்சூர் பக்கம், அதனால கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சு பேசுவேன், கண்டுக்காதீங்க.

பெங்களூர்ல நடந்தே வாழ முடியற ஏரியான்னு ஒண்ணு இருக்கா என்ன?

இருக்கு, ஆனா பழைய ஊருக்குள்ளதான். 1898 பிளேக் வந்தப்ப பேட்டை நெரிசல்லேந்து ஜனங்கள வெளிய கொண்டுவர பிளான் போட்டு கட்டினதுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். கார் இல்லாத காலத்துல போட்ட தெருங்க, அதனால கோயில், மார்க்கெட், ஸ்கூல், பார்க் எல்லாம் நடக்கற தூரத்துக்குள்ளயே அடங்கிருச்சு. மல்லேஸ்வரத்துல 8வது கிராஸ் பூக்கடை, காய்கறி, சம்பிகே ரோடு ஜவுளி, சாயந்திரம் சாங்கி டேங்க் வாக்கிங்னு ஒரு நாளே கால்லயே ஓடிரும். பசவனகுடிக்கு காந்தி பஜார், டிவிஜி ரோடு. ஜெயநகர் அதுக்கப்புறம் 1948ல அஸ்திவாரம் போட்டது, 4வது பிளாக் காம்ப்ளெக்ஸ சுத்தி இருக்கற தெருங்கள்ல மரமும் இருக்கும், நடக்கற மாதிரி பிளாட்பாரமும் ஓரளவு இருக்கும்.

அல்சூர் கதை வேற. கன்டோன்மென்ட் (வெள்ளைக்காரங்க பட்டாளத்துக்காகக் கட்டின பகுதி) வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஊரு, யாரும் பிளான் பண்ணல, சோமேஸ்வரர் கோயில சுத்தி தானா வளந்துச்சு. தெரு குறுகல், பஜார் ஸ்ட்ரீட்ல சனிக்கிழமை சாயங்காலம் தோள இடிச்சுக்கிட்டுதான் போகணும், ஆனா தமிழ்ல பேசியே மளிகை, மருந்து, டெய்லர், வாழை இலை எல்லாம் வாங்கிரலாம். ஏரிக்கரைல 2009ல திறந்த திருவள்ளுவர் சிலை, பக்கத்துல தமிழ்ச் சங்கம், அங்க லைப்ரரி. ஊர விட்டு வந்த பெரியவங்களுக்கு இந்த ஏரியா சட்டுனு ஒட்டிக்கும்.

வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் பக்கம் பெரிய பெரிய அபார்ட்மென்ட்ல கேட்டுக்குள்ளயே சூப்பர் மார்க்கெட், ஜிம் எல்லாம் இருக்கும்தான், ஆனா கேட்ட தாண்டினா நடக்க பிளாட்பாரம் இருக்காது, அங்க காம்பவுண்டுக்குள்ளதான் நடக்கலாம், ஊருக்குள்ள நடக்க முடியாது.

ஆபீஸ் ஐடி பார்க்ல, வீடு இங்க. சரிப்படுமா?

மெட்ரோ லைன் எதுன்னு பாத்து முடிவு பண்ணுங்க. அல்சூர் பர்ப்பிள் லைன்ல இருக்கு, 2011ல இந்த ஊர்ல மொதல்ல ஓடின பகுதியே பையப்பனஹள்ளி டு எம்ஜி ரோடுதான், அல்சூர் ஸ்டேஷன் அதுலயே உண்டு, 2023 அக்டோபர்லேந்து அதே லைன் வைட்ஃபீல்டு வரைக்கும் முழுசா ஓடுது, நடுவுல மாறவே வேணாம். எலெக்ட்ரானிக் சிட்டிக்காரங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல மஞ்ச லைன் ஓட ஆரம்பிச்சப்புறம் கணக்கே மாறிருச்சு, ஆர்வி ரோடு ஸ்டேஷன்ல அது கிரீன் லைனோட சேருது, ஜெயநகர், பசவனகுடி ரெண்டும் அதுக்குப் பக்கம். மல்லேஸ்வரத்துக்கு கிரீன் லைன்ல சம்பிகே ரோடு ஸ்டேஷன்.

கட்டணத்தையும் கணக்குல சேத்துக்கோங்க, 2025 பிப்ரவரில ஏத்தினப்ப ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 ரூபா ஆச்சு, தினம் ரெண்டு தடவைன்னா மாசக் கடைசில நல்லாவே தெரியும். பொம்பளைங்களுக்கு சாதாரண கவர்மென்ட் பஸ் சக்தி திட்டத்துல 2023 ஜூன்லேந்து ஃப்ரீ, ஆனா கர்நாடகா அட்ரஸ் போட்ட ஐடி காட்டணும், தமிழ்நாட்டு ஆதார் வச்சுக்கிட்டு கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனமில்ல.

ஓனரே நேரடியா குடுக்கற வீட்ட எப்படி கண்டுபிடிக்கறது?

நடங்க. சீரியஸாத்தான் சொல்றேன். இந்த பழைய ஏரியாங்கள்ல ஓனர் கீழ் வீட்ல இருப்பார், ரிட்டயர் ஆனவரா இருப்பார், மாடி ரெண்டு போர்ஷன வாடகைக்கு விட்டு அதுலதான் குடும்பம் ஓடும், ஆப்ல போட்டோ போடற பொறுமையெல்லாம் அவருக்கு கெடையாது, கேட்ல டு-லெட் போர்டு ஒண்ணு மாட்டிட்டு போயிருவார். ஞாயித்துக்கிழமை காலைல ஒம்போது மணிக்கு மேல எந்த ஏரியா வேணுமோ அங்க போயி ஒவ்வொரு கிராஸா நடந்தீங்கன்னா ஆப்ல ஒரு வாரம் தேடினாலும் கண்ணுல படாத வீடெல்லாம் தெரியும். போர்டுல நம்பர் இருந்தா போன் போடறதுக்கு முன்னாடி கேட்ட தட்டி நேர்ல கேளுங்க, ஏன்னா அந்த நம்பர்ல பாதி நேரம் எடுக்கறது புரோக்கராத்தான் இருப்பார்.

போர்டு இல்லாத வீடும் காலி இருக்கும், அது இஸ்திரி வண்டிக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், காண்டிமென்ட்ஸ்னு போர்டு போட்ட சின்னக் கடைக்காரர் மூணு பேருக்கும் தெரியும். இஸ்திரிக்காரருக்கு எந்த வீட்ல யாரு எப்ப காலி பண்றாங்கன்னு ஓனருக்கு முன்னாடியே தெரியும், அவர் அந்த ஏரியால தமிழ்க்காரரா இருக்கவும் நிறைய சான்ஸ் உண்டு. அவர் காட்டின வீடு அமைஞ்சா கைல ஏதாவது குடுங்க, கேட்டு வாங்க மாட்டார்.

ஆப் வேணாம்னு சொல்லல. வாடகை ரேட் என்ன போகுதுன்னு தெரிஞ்சுக்க நல்லது. ஆனா ஓனர்னு போட்டிருக்கற விளம்பரத்துல புரோக்கரும் கலந்திருப்பாங்க, மொதல் போன்லயே “நீங்க அந்த பில்டிங்லயே இருக்கீங்களா சார், பைப்ல காவேரி தண்ணி எந்தெந்த நாள் வருது”ன்னு கேளுங்க, புரோக்கர் முழிப்பார். புரோக்கர் கமிஷன்னா இங்க வழக்கமா ஒரு மாச வாடகை, அது மிச்சம்.

எனக்கு கன்னடம் வராதே?

அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழே போதும். மல்லேஸ்வரம், பசவனகுடில ஓனர் பெரியவங்க நிறைய பேருக்கு தமிழ் புரியும், ஆனா எடுத்த எடுப்புல தமிழ்ல ஆரம்பிக்காதீங்க, “மனெ காலி இதெயா சார், பாடிகெ எஷ்டு” (வீடு காலி இருக்கா சார், வாடகை எவ்வளவு) அப்டின்னு ரெண்டு வார்த்தை கன்னடத்துல கேட்டுட்டு அப்புறம் தடுமாறினீங்கன்னா அவங்களே “ஊரு எது, சேலமா?”ன்னு தமிழுக்கு வந்துருவாங்க. வீட்டுக்காரம்மாவ ஆன்ட்டின்னு கூப்பிடலாம், அம்மான்னு கூப்பிட்டா இன்னும் நல்லது.

ஓனர் ஆர்மில இருக்காராம், வெளியூராம், டோக்கன் போட்டா சாவி அனுப்பறேன்றார். போடலாமா?

போடாதீங்க. இது பழைய ஏமாத்து வேலை. யூனிஃபார்ம் போட்ட ஐடி கார்டு போட்டோ அனுப்புவாங்க, வாடகை அந்த ஏரியா ரேட்ட விட சல்லிசா இருக்கும், கேட் பாஸ் சார்ஜ் கட்டினாத்தான் வீடு பாக்க விடுவாங்கன்னு சொல்வாங்க, இல்லன்னா கியூஆர் அனுப்பி “ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்கு வரும்”னு சொல்வாங்க. பணம் வாங்கறதுக்கு ஸ்கேனும் தேவையில்ல, பின் நம்பரும் தேவையில்ல, இத வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. பணம் போயிருச்சுன்னா உடனே 1930க்கு போன் போடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு பணத்த நடுவுல நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வீட்ட கண்ணால பாக்காம, உள்ள போயி குழாயத் திறந்து பாக்காம யாருக்கும் ஒத்த ரூபா அனுப்பாதீங்க.

இவர்தான் ஓனர்னு எப்படி நம்பறது?

கரண்ட் பில், சொத்து வரி ரசீது, இல்ல கத்தா (சொத்து வரிக்காக வீடு யார் பேர்ல இருக்குன்னு மாநகராட்சில இருக்கற பதிவு), இதுல ஏதாவது ரெண்ட காட்ட சொல்லுங்க, ஆதார்ல இருக்கற பேரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க, உங்க ஆதார், கம்பெனி ஐடி, ஆபர் லெட்டர் எல்லாம் அவர் கேக்கறார் இல்ல. (நீங்க குடுக்கறப்ப கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் காப்பி குடுங்க.)

பழைய ஏரியால இதுல ஒரு சிக்கல் உண்டு. வீடு தாத்தா பேர்ல இருக்கும், தாத்தா போயிருப்பார், அண்ணன் தம்பி நாலு பேரு, பாகம் பிரியல, கேஸ் ஓடிட்டு இருக்கும். பெரியவர் கைல அட்வான்ஸ் குடுத்திருப்பீங்க, ஆறு மாசம் கழிச்சு தங்கச்சி வீட்டுக்காரர் வந்து மாடி எங்க பங்கு, வாடகைய எனக்கு குடுன்னு நிப்பார். பில்லுல ஒரு பேரு, பேசறவர் வேற பேருன்னா “யார் யாருக்கு பாத்தியதை சார், அவங்களும் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடுவாங்களா”ன்னு மரியாதையா கேட்டுருங்க. பிள்ளை அமெரிக்காவுல, அப்பா இங்க பாத்துக்கறார்னா பிள்ளை எழுதிக் குடுத்த பவர் ஆஃப் அட்டார்னி இருக்கணும்.

அட்வான்ஸ் பத்து மாசம் கேப்பாங்களாமே?

கேட்டுட்டு இருந்தாங்க, பழைய ஆளுங்க இன்னும் கேப்பாங்க. இப்ப பெரிய அபார்ட்மென்ட்ல ரெண்டு மூணு மாசத்துக்கும் விடறாங்க, தனி வீட்டு ஓனர்னா அஞ்சு ஆறுல வந்து நிக்கும். 2021ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்த மாதிரி வாடகைச் சட்டத்துல குடியிருக்கற வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருக்கு, நிறைய பேர் அத மொபைல்ல காட்டி ஓனர்கிட்ட வாதாடறாங்க, ஆனா அது பேர்லயே இருக்கற மாதிரி வெறும் மாதிரிதான், மாநிலம் தன் சட்டமா கொண்டு வந்தாத்தான் கட்டுப்படுத்தும். அதனால சட்டம் பேசாதீங்க, வேற வழில பேசுங்க: “வாடகைல ஆயிரம் கூட வாங்கிக்கங்க, அட்வான்ஸ மூணா குறைங்க”ன்னு கேட்டா ஒத்துக்கறவங்க உண்டு. மாசம் ஆயிரம் போகுதேன்னு தோணும், ஆனா திரும்பி வருமா வராதான்னு தெரியாத பணம் அவர் கைல எவ்வளவு கம்மியா இருக்கோ அவ்வளவு நல்லது, என் கருத்து இதுதான்.

அட்வான்ஸ் பேங்க் மூலமா மட்டும் குடுங்க, அனுப்பறப்பவே குறிப்புல வீட்டு அட்வான்ஸ்னு எழுதுங்க. ரொக்கம்தான் வேணும்னா ரசீது, 5,000 ரூபாய்க்கு மேலன்னா ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து.

காலி பண்றப்ப பெயிண்டிங்னு ஒரு மாச வாடகை புடிச்சுப்பாங்களாமே, அது நியாயமா?

நியாயமான்னு கேட்டா இல்லதான், ஆனா இந்த ஊர் வழக்கம். கணக்கா பாருங்க: வாடகை 25,000, ஆறு மாச அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், 11 மாசத்துல காலி பண்றீங்க, பெயிண்டிங்குக்கு 25,000 போகுது. அப்ப உண்மையான வாடகை மாசம் 27,270 ரூபா. அஞ்சு வருஷம் இருந்தீங்கன்னா இது பெரிய விஷயமில்ல, ஒரு வருஷத்துல மாத்தறவங்களுக்குத்தான் அடி. அதனால உள்ள போறப்பவே ரெண்டுல ஒண்ண எழுதி வாங்குங்க: ஒண்ணு, நீங்க குடி வர்றப்பவே ஓனர் வீட்ட புதுசா பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்கணும், இல்லன்னா பழைய பெயிண்டோடயே எடுத்துக்கறேன், போறப்ப நானும் அப்படியே விட்டுட்டுப் போறேன்னு. பழைய பெயிண்டுல உள்ள விட்டுட்டு வெளிய வர்றப்ப புதுசுக்கு காசு கேக்கறதுதான் அநியாயம், அத மொத நாளே சொல்லிட்டா பாதி பேரு ஒத்துப்பாங்க.

சாவி வாங்கின அன்னைக்கே ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுங்க, செவுத்துல ஏற்கனவே இருக்கற ஆணி ஓட்டை, பாத்ரூம் டைல்ஸ் விரிசல், கதவு அடில ஊறிப் போனது, ஃபேன் சத்தம் எல்லாம் சேத்து. எடுத்து ஓனருக்கே வாட்ஸப்ல அனுப்பிருங்க, தேதியோட அங்க கெடக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு சண்டை வந்தா அந்த வீடியோதான் பேசும்.

லீஸுக்கு போனா வாடகையே வேணாம்னு சொல்றாங்களே?

இந்த ஊர்ல லீஸ்னா நம்ம ஊர் ஒத்தி, போக்கியம் மாதிரி: பத்து பதினஞ்சு லட்சம் மொத்தமா குடுத்துட்டு ரெண்டு மூணு வருஷம் வாடகை இல்லாம இருந்துட்டு, போறப்ப முழுசா திருப்பி வாங்கறது. கேக்க தேனா இருக்கும். அந்தப் பணம் ஓனர் எதுக்கு வாங்கறார்னு யோசிங்க, கடன் அடைக்கத்தான் பெரும்பாலும், அப்ப நீங்க காலி பண்றப்ப அவர்கிட்ட பணம் எங்கேந்து வரும்? அடுத்த லீஸ்காரர் குடுக்கறதுலேந்துதான் வரணும். அடுத்த ஆள் வரலன்னா நீங்க அந்த வீட்லயே மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

அத விட மோசம், வீட்டு மேல பேங்க் லோன் இருந்து ஓனர் கட்டாம விட்டா பேங்க் நோட்டீஸ் ஒட்டி வீட்ட எடுத்துரும், உங்க பதினஞ்சு லட்சத்துக்கு பேங்க் பொறுப்பில்ல. நடுவுல ஒரு கம்பெனி நின்னுக்கிட்டு ஓனர்கிட்ட மாச வாடகைக்கு எடுத்து உங்ககிட்ட லீஸ்னு மொத்தப் பணம் வாங்கிட்டு, கொஞ்ச நாள்ல ஓனருக்கு வாடகை குடுக்கறத நிறுத்திட்டு காணாம போறதும் நடக்குது. ஓனர்கிட்ட நேரடியா எடுக்கறதோட அருமை இங்கதான் தெரியும்.

எடுத்தே ஆகணும்னா: காவேரிங்கற கர்நாடகா பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்க, ஒரிஜினல் பத்திரத்த கண்ணால பாக்கணும்னு கேளுங்க, ஜெராக்ஸ் மட்டும் காட்டினா ஒரிஜினல் பேங்க்ல இருக்கலாம். பத்திரத்த சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணுங்க. ரிஜிஸ்டர் வேணாம், செலவுன்னு ஓனர் இழுத்தா எழுந்து வந்துருங்க. என்னைக் கேட்டா, ஊர்ல நிலம் வித்த காசு, நகை காசு எதையும் இதுல போடாதீங்க.

அக்ரிமென்ட் ஏன் எப்பவும் 11 மாசம்?

ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகைய 1908 ரிஜிஸ்ட்ரேஷன் சட்டப்படி கட்டாயம் பதிவு பண்ணணும், 11 மாசம்னா வேணாம், அவ்வளவுதான் ரகசியம். இ-ஸ்டாம்ப் பேப்பர்ல டைப் பண்ணி ரெண்டு சாட்சி கையெழுத்தோட முடிஞ்சிரும்.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கர்நாடகா வாடகைச் சட்டம் 1999ன்னு ஒண்ணு இருக்கு, எனக்கு பாதுகாப்பு உண்டுன்னு நெனச்சுக்காதீங்க, பெங்களூர் மாதிரி ஊர்ல மாச வாடகை 3,500 ரூபாய்க்கு மேல போற வீட்டுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. இன்னைக்கு 3,500க்கு ஒரு ரூம் கூட கெடைக்காது, அப்ப உங்களுக்கு பாதுகாப்பு அந்த அக்ரிமென்ட்ல எழுதியிருக்கறதும், பொதுவான சொத்து மாற்றுச் சட்டமும்தான். அதனாலதான் அக்ரிமென்ட்ட படிங்க படிங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். ஜெராக்ஸ் கடைல ரெடிமேடா இருக்கற பேப்பர் முழுக்க ஓனர் பக்கம் பேசும்.

என்ன எழுதணும்னா, வாடகை எந்த தேதிக்குள்ள, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் (5%ன்னு போடறது பரவலா இருக்கு), வாடகை ஏறினா அட்வான்ஸும் ஏறுமா, மெயின்டனன்ஸ், தண்ணி வாடகைக்குள்ளயா வெளியவா, ரெண்டு பக்கமும் எத்தனை மாச நோட்டீஸ், லாக்-இன் (இத்தனை மாசத்துக்குள்ள காலி பண்ணக்கூடாதுங்கறது) உண்டா, கீசர் மோட்டார் ரிப்பேர் யார் செலவு. ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரு வரி, “சாவி ஒப்படைக்கும் அன்றே அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்”. இந்த ஒரு வரிய சேக்க மறுக்கற ஓனர் காலி பண்ற அன்னைக்கு என்ன பண்ணுவார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தண்ணி எப்படி பாக்கறது?

ஓனர்கிட்ட கேக்காதீங்க, அவர் இருபத்தி நாலு மணி நேரமும்னுதான் சொல்வார். பக்கத்து வீட்டு அம்மாகிட்ட கேளுங்க. பழைய ஏரியால காவேரி கனெக்‌ஷன் இருக்கறது பெரிய நிம்மதி, ஆனா தினம் வராது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்றது சகஜம், அதுவும் சில மணி நேரம்தான். வந்தத சம்ப்புல பிடிச்சு மோட்டார் போட்டு மேல் டேங்குக்கு ஏத்தணும். சம்ப் சின்னது, வீடு ஆறுன்னா காவேரி இருந்தும் கஷ்டம்தான். மோட்டார் போடறது யாரு, ஓனர் ஊருக்கு போனா யாரு, இதெல்லாம் கேளுங்க, சின்ன கேள்வின்னு தோணும், ஆனா காலைல சோப்பு போட்டுட்டு நிக்கறப்ப தெரியும்.

2024 கோடைல போர் எல்லாம் வத்திப்போயி, குடிநீர்ல கார் கழுவினா 5,000 ரூபா அபராதம்னு ஜலமண்டலி (இந்த ஊர் குடிநீர் வாரியம்) போட்டது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் மார்ச், ஏப்ரல்ல இந்த வீட்டுக்கு டேங்கர் வந்துச்சா, வந்தா காசு யார் குடுத்தாங்கன்னு கேளுங்க. குடியிருந்தவங்க மறந்திருக்க மாட்டாங்க.

கரண்ட் 200 யூனிட் ஃப்ரீ, வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் உண்டா?

உண்டு. கிருஹ ஜோதி 2023லேந்து இருக்கு, குடித்தனக்காரங்களும் ஆதாரையும் கரண்ட் பில்லுல இருக்கற அக்கவுன்ட் நம்பரையும் சேத்து பதியலாம். 200ன்னு சொன்னாலும் அந்த மீட்டர்ல முன்னாடி ஆன சராசரியும் அதுக்கு மேல கொஞ்சமும்தான் ஃப்ரீ, மொத்தமா 200 தாண்டினா முழு பில்லும் கட்டணும். இதுக்கு உங்க போர்ஷனுக்கு தனி பெஸ்காம் (இந்த ஊர் கரண்ட் கம்பெனி) மீட்டர் இருக்கணும். சில ஓனர் ஒரே மீட்டர வச்சுக்கிட்டு உள்ள சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவரே வசூல் பண்ணுவார், அங்க ஃப்ரீயும் கெடையாது, ரேட்டும் அவர் சொல்றதுதான். முன்னாடி இருந்தவர் தன் ஆதார அந்த மீட்டர்லேந்து எடுத்துட்டாரான்னும் பாத்துக்கோங்க, நீங்க போறப்பவும் எடுத்துட்டுப் போங்க. பழைய பில் பாக்கி இருக்கான்னு பாக்கறது சொல்லவே வேணாம்.

ஓனர் கீழயே இருந்தா தொல்லைதானே?

ஆளப் பொறுத்து. ராத்திரி பத்தரைக்கு கேட் பூட்டு, மொட்டை மாடில துணி காயப்போட நேரம், வர்ற விருந்தாளிய ஜன்னல் வழியா ஒரு பார்வை, இதெல்லாம் இருக்கும். அதே ஆள்தான் நீங்க ஆபீஸ்ல இருக்கறப்ப கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பார், குழாய் ஒழுகினா பிளம்பர அன்னைக்கே கூட்டிட்டு வருவார், அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னா ஆட்டோ புடிச்சுக் குடுப்பார். வெளிநாட்டு ஓனர்கிட்ட ஒரு டேப் மாத்தணும்னா மூணு மெயில். ரெண்டுல எது வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க, நைட் ஷிப்ட்காரங்க மட்டும் கேட் சாவி தனியா ஒண்ணு வேணும்னு முதல்லயே கேட்டுருங்க.

பேச்சுலருக்கு, அசைவம் சாப்பிடறவங்களுக்கு வீடு தருவாங்களா?

மல்லேஸ்வரம், பசவனகுடி, ஜெயநகர்ல சில தெருங்கள்ல “ஃபேமிலி மட்டும், வெஜிடேரியன் மட்டும்”னு முகத்துக்கு நேரா சொல்வாங்க. சில பேர் அதையே சுத்தி வளைச்சு கேப்பாங்க, சொந்த ஊர் எது, குலதெய்வம் எதுன்னு ஆரம்பிச்சு ஜாதி வரைக்கும் தோண்டுவாங்க. அசிங்கமா இருக்கும், இருக்கு. மறைச்சு உள்ள போயி, மீன் குழம்பு வைக்கறப்பல்லாம் ஜன்னல் சாத்திக்கிட்டு வாழறது ஒரு வாழ்க்கையில்ல, வேற வீடு பாருங்க. அல்சூர், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன்ல இந்தக் கேள்வி ரொம்பக் கம்மி.

தெருவ எப்படி பாக்கறது?

வீட்ட ஒரு தடவை பாத்தா போதும், தெருவ வேற வேற நேரத்துல பாக்கணும். காலைல எட்டரைக்கு ஸ்கூல் வேன் நேரம், அப்ப அந்த கிராஸ கடக்க முடியுதா பாருங்க. ராத்திரி பத்துக்கு மேல ஸ்டேஷன்லேந்து வீடு வரைக்கும் தனியா நடந்து பாருங்க, லைட் எங்க இல்ல, நாய்க் கூட்டம் எந்த முனைல, எந்த முனைல ஒயின் ஷாப்னு தெரியும். பொண்ணுங்க இத விடவே கூடாது, ஸ்டேஷன்லேந்து பக்கம்னு மேப் சொல்லும், அந்த வழில நடுவுல ஒரு நீளமான காம்பவுண்ட் செவுரு மட்டும் இருந்து கடையே இல்லன்னா அது பக்கமில்ல. மழை பெஞ்ச அரை மணி நேரத்துல போனா தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும். பிளாட்பாரத்துல நடக்கறப்ப கீழ சாக்கடை மேல போட்ட கல்லு ஆடுதா, நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் நிக்குதா, பெரியவங்கள கூட்டிட்டு வர்றவங்க இத கண்டிப்பா பாக்கணும்.

பக்கத்துல கல்யாண மண்டபம் இருந்தா வேண்டாம். முகூர்த்த நாள்ல விடியக் காலைல நாதஸ்வரம், ராத்திரி ஜெனரேட்டர். கோயில் திருவிழா வேற விஷயம், பசவனகுடில கன்னடக் கார்த்திக மாசக் கடைசித் திங்கக்கிழமை கடலைக்காய் பரிஷே (நிலக்கடலைத் திருவிழா) வந்தா புல் டெம்பிள் ரோடு பக்கம் வண்டி எடுக்கவே முடியாது, ஆனா அந்த சமயத்துல அங்க இருக்கறதே ஒரு சொகம்.

வாடகை ரசீது, டிடிஎஸ் எல்லாம் எனக்கு எதுக்கு?

எச்ஆர்ஏ (சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப் படி) கிளெய்ம் பண்ண வருஷ வாடகை ஒரு லட்சம் தாண்டினா ஓனர் பேன் நம்பர் வேணும், சில ஓனர் குடுக்க மாட்டேன்னுவார், வீடு பிடிச்சப்புறம் கேக்காதீங்க, அட்வான்ஸுக்கு முன்னாடி கேளுங்க. மாச வாடகை 50,000 தாண்டினா நீங்கதான் வாடகைலேந்து 2% டிடிஎஸ், அதாவது ஓனரோட வருமான வரிய, புடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டணும், 2024 அக்டோபருக்கு முன்னாடி இது 5%. நிறைய பேருக்கு தெரியாதது, ஓனர் என்ஆர்ஐன்னா இந்த 50,000 கணக்கே கெடையாது, வாடகை எவ்வளவா இருந்தாலும் 30 சதவீதத்துக்கு மேல டிடிஎஸ் புடிக்க வேண்டிய பொறுப்பு உங்க தலைல, வரி புடிச்சுக் கட்டறவங்களுக்கான டேன் நம்பர் வேற எடுக்கணும். அப்பா இங்க வாடகை வாங்கினாலும் வீடு பிள்ளை பேர்ல, பிள்ளை வெளிநாட்டுலன்னா இதே கதைதான். ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

எந்த மாசம் பேரம் படியும்?

ஆடி. கன்னடக்காரங்களுக்கு ஆஷாட மாசம், அமாவாசைக் கணக்குல நம்ம ஆடியோட முன்ன பின்ன வரும், ரெண்டு பேருமே அப்ப பால் காய்ச்ச மாட்டாங்க. காலியான வீடு அப்படியே நிக்கும், ஓனருக்கு மாசம் ஒண்ணு வாடகை போச்சேன்னு இருக்கும், அப்ப போயி பேசினா வாடகையிலயோ அட்வான்ஸ்லயோ எறங்கி வருவார். சாஸ்திரம் பாக்கறவங்களா இருந்தா அக்ரிமென்ட்ட அப்பவே முடிச்சுட்டு ஆவணில குடி போறேன்னு சொல்லுங்க. ஏப்ரல், மே, ஜூன்ல ஸ்கூல் மாத்தற குடும்பங்க அலையற நேரம், அப்ப பேரம் எடுபடாது.

திடீர்னு காலி பண்ணுன்னா?

அக்ரிமென்ட்ல இருக்கற நோட்டீஸ் காலம் உங்களுக்கு உண்டு. எதுவுமே எழுதாத மாச வாடகைன்னா கூட சொத்து மாற்றுச் சட்டப்படி குறைஞ்சது 15 நாள் நோட்டீஸ் வேணும். அதுக்கப்புறமும் நீங்க போகலன்னா அவர் கோர்ட்டுக்குத்தான் போகணும், பூட்டு மாத்தறது, தண்ணிய நிறுத்தறது எல்லாம் அவரே பண்ணக்கூடாது. ஆனா கீழ் வீட்டு ஆளோட கோர்ட் கேஸ் நடத்திக்கிட்டு மேல் வீட்ல இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு சொல்லணுமா, பெரும்பாலும் மக கல்யாணம், பிள்ளை திரும்ப வர்றான்னு உண்மையான காரணமாத்தான் இருக்கும், ஒரு மாசம் கூட டைம் கேளுங்க, பெயிண்டிங் புடிக்காதீங்கன்னு கேளுங்க, அவசரம் அவருக்குத்தானே, குடுப்பார்.

கார் இருக்கு, பார்க்கிங்?

மல்லேஸ்வரம், அல்சூர் தனி வீடுங்கள்ல பைக்குக்கு இடம் இருக்கும், காருக்கு இருக்காது, ரோட்டுலதான். ஓனரோட கார் நிக்கற இடத்துக்கு முன்னாடி நிறுத்திட்டு ஊருக்கு போயிராதீங்க.